325 வேகத்துக்குப் பிறகு லிடியன் விரல்கள் கற்ற பாடம்

வைரலுக்குப் பின்னால்

உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்த வீடியோ ஒரு தடவையாவது வந்திருக்கும். பெரிய மேடை. பியானோ முன்னால் 13 வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவி 'டிக் டிக்' என்று அடிக்கிறது. பையன் வாசிக்கிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அப்புறம் மெட்ரோனோமின் வேகத்தை ஏற்றிவிட்டு அதே இசையை மறுபடி வாசிக்கிறான். இந்த முறை விரல்களே கண்ணுக்குத் தெரியவில்லை. வெறும் நிழல் மாதிரி ஓடுகின்றன. நடுவர்கள் வாயைப் பிளக்கிறார்கள்.

அந்தப் பையன் நம்ம சென்னை லிடியன் நாதஸ்வரம். வீடியோ 2019-ல் வந்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சில வீடியோக்களுக்குச் சாவே கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுத் தலைப்போடு எழுந்து வந்துவிடும். லிடியனின் வீடியோவும் அந்த ரகம். ஒவ்வொரு முறையும் கீழே வருகிற கமென்ட்களும் அதேதான். 'பிறவி மேதை', 'கடவுள் கொடுத்த வரம்', 'இதெல்லாம் ரத்தத்துல வரணும்'.

இரண்டு கேள்விகளை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த வேகம் எப்படி வந்தது? அதற்குப் பிறகு அந்தப் பையன் என்ன செய்தார்? இந்த வாரம் அந்த இரண்டையும் பார்த்துவிடலாம்.

மேடையில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் சிபிஎஸ் சேனல் 2019 பிப்ரவரியில் 'த வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. உலகம் முழுக்க இருந்து திறமைசாலிகளைக் கூட்டிவந்து மோதவிடும் போட்டி. தொகுப்பாளர் ஜேம்ஸ் கார்டன். ட்ரூ பேரிமோர், ருபால், ஃபெயித் ஹில் என மூன்று நடுவர்கள். பாட்டு, நடனம், சாகசம், மேஜிக் எல்லாமே ஒரே மேடையில்.

லிடியன் அங்கே வாசித்தது 'ஃப்ளைட் ஆஃப் த பம்பிள்பீ'. தமிழில் வண்டின் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் நிமிடத்துக்கு 208 துடிப்பு. அடுத்து 325 துடிப்பு. இன்னொரு சுற்றில் இரண்டு பியானோக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கைக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் வாசித்தார். மார்ச் மாதம் நடந்த இறுதிச் சுற்றில் தென்கொரியாவின் குக்கிவான் டேக்வாண்டோ குழுவை முந்திக்கொண்டு பட்டம் வென்றார். பரிசு 10 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 7 கோடி ரூபாய்.

பெரும்பாலானவர்களுக்கு லிடியனின் கதை இதோடு முடிந்துவிடுகிறது. உண்மையில் இது நடுவில் வருகிற ஒரு காட்சிதான்.

பெயரிலேயே ஒரு கல்யாணி

லிடியன் பிறந்தது 2005 செப்டம்பர் 6. அப்பா வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். அக்கா அமிர்தவர்ஷினியும் இசைக்கலைஞர். அக்காவின் பெயர் ஒரு ராகம் என்பது எல்லோருக்கும் தெரியும். தம்பியின் பெயரிலும் ஒரு ராகம் ஒளிந்திருக்கிறது.

மேற்கத்திய இசையில் 'லிடியன்' என்பது ஒரு ஸ்கேல். அதன் ஏழு சுரங்களும் நம்ம கல்யாணி ராகத்தின் ஏழு சுரங்களும் ஒன்றுதான். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். போனில் ஏதாவது ஒரு பியானோ ஆப் போடுங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் கூட்டமாக இருக்கும். மூன்று கறுப்புக் கட்டைகள் இருக்கும் கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கிற வெள்ளைக் கட்டையில் தொடங்குங்கள். கறுப்பைத் தொடாமல் வரிசையாக எட்டு வெள்ளைக் கட்டைகளை அழுத்திக்கொண்டே மேலே போங்கள். அதுதான் லிடியன் ஸ்கேல். கல்யாணியின் ஆரோகணமும் அதுவே.

பெயரின் பின்பாதி நாதஸ்வரம். திருநள்ளாறு கோயில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆக, ஒரு கை மேற்கத்திய இசையிலும் ஒரு கை நம்ம ஊர் இசையிலும் இருக்க வேண்டும் என்று நினைத்தே அந்த வீட்டில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு வயதில் டிரம்ஸ். பியானோவுக்கு வந்தது எட்டு வயதில். இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். பியானோவைத் தொடுவதற்கு முன்பே ஆறு வருடம் தாளம் உடம்பில் ஊறியிருக்கிறது. மெட்ரோனோம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அந்தப் பையன் பதறாமல் இருந்ததற்குக் காரணம் விரல்கள் மட்டும் கிடையாது. உள்ளே ஓடுகிற அந்தத் தாளமும்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தார் என்பதால் தினமும் பல மணி நேரம் பயிற்சிக்குக் கிடைத்தது. எல்லாக் குடும்பத்துக்கும் இது சாத்தியமா என்றால், இல்லை. ஆனால், 'வரம்' என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகிறவர்கள் இந்த மணிக்கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

நொடிக்கு கிட்டத்தட்ட 22 சுரம்

325 துடிப்பு என்றால் எவ்வளவு வேகம்? அந்த இசையில் சுரங்கள் பெரும்பாலும் ஒரு துடிப்புக்கு நான்கு என்ற கணக்கில் இடைவெளி இல்லாமல் ஓடும். 325-ஐ நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 1,300 சுரம். நொடிக்கு கிட்டத்தட்ட 22. தியேட்டரில் நாம் பார்க்கிற சினிமா நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. அதாவது, பிரேமுக்கு ஒரு சுரம் என்று சொல்லுமளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது அந்த வேகம்.

இந்த இசையை எழுதியவர் ரஷ்யாவின் ரிம்ஸ்கி-கோர்சகாவ். 1900-ல் மாஸ்கோவில் அரங்கேறிய அவருடைய இசை நாடகம் ஒன்றில் வருகிறது. தன்னைப் பிரிந்து தூரத்தில் இருக்கிற அப்பாவை யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டு வர ஓர் இளவரசன் வண்டாக மாறிப் பறக்கிறான். அந்த இடத்தில் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிற சின்னத் துண்டு இது. முதலில் பியானோவுக்காக எழுதப்பட்டதே இல்லை. பின்னால்தான் பலர் அதைப் பியானோவுக்கு மாற்றினார்கள். அவர்களில் முக்கியமானவர் ரக்மானினாவ். கடந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவர்.

அந்த ரக்மானினாவ் எப்படிப் பயிற்சி செய்தார் தெரியுமா?

மேதையின் ஜன்னலுக்கு வெளியே

அமெரிக்க பியானோ கலைஞர் ஏப்ரம் சேசின்ஸ் ஒருநாள் ரக்மானினாவைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனார். உள்ளே பியானோ சத்தம் கேட்டது. வெளியிலேயே நின்று கவனித்தார். ஒரு சுரம். நீண்ட இடைவெளி. அப்புறம் இன்னொரு சுரம். என்ன இசை என்றே அவருக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகுதான் புரிந்தது. சோபின் எழுதியதிலேயே கடினமான பயிற்சித் துண்டு ஒன்றை ரக்மானினாவ் நத்தை வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். மேடையில் நொடியில் பறந்து போகிற ஒரே ஒரு தாளக் கட்டத்துக்கு ('பார்') வீட்டில் 20 நொடி எடுத்துக்கொண்டார். சேசின்ஸ் பின்னாளில் தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பியானோ வாசிப்பவர்களுக்கு இது தொழில் ரகசியம் கிடையாது. பால பாடம். வேகமாக வாசிக்கும்போது மூளை தவறையும் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ளும். மெதுவாக வாசித்தால் எந்த விரல் எங்கே போகிறது, எந்த விரல் தேவையில்லாமல் இறுகுகிறது என்று தெரியும். அதைச் சரிசெய்துவிட்டு மெட்ரோனோமில் ஒரு படி ஏற்ற வேண்டும். தவறு வந்தால் ஒரு படி இறக்க வேண்டும். 325 என்பது இப்படி ஆயிரம் தடவை ஏறி இறங்கிய படிக்கட்டின் உச்சி. வீடியோவில் உச்சி மட்டும்தான் தெரிகிறது.

இதை எங்கள் காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் தினமும் பார்க்கலாம். படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னுகிற பெரியவர்கள் ஊசியையே பார்க்க மாட்டார்கள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கண்ணி கண்ணியாக வலை சேர்ந்துகொண்டே போகும். அவர்களிடம் புதிதாகக் கற்க வருகிற பையனுக்கு முதலில் வேகம் சொல்லித்தர மாட்டார்கள். முடிச்சு இறுகியிருக்கிறதா, கண்ணி ஒரே அளவில் இருக்கிறதா என்றுதான் இழுத்துப் பார்ப்பார்கள். அவசரத்தில் போட்ட முடிச்சு கடலுக்குள் போன பிறகுதான் அவிழும்.

அவசரத்தில் கெடுவது இசை மட்டுமில்லை, கையும்தான். அமெரிக்காவின் லியான் ஃபிளைஷர் சிறுவயதிலேயே பெயர் எடுத்தவர். 1964-ல், 36 வயதில், அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் தானாகச் சுருண்டுகொள்ள ஆரம்பித்தன. டிஸ்டோனியா என்ற நரம்புப் பிரச்னை. அளவுக்கு மீறி, தவறான முறையில் பயிற்சி செய்ததும் ஒரு காரணம் என்று அவரே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். முப்பது வருடத்துக்கும் மேல் இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையை வாசித்தும், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் காலம் தள்ளினார். சிகிச்சைக்குப் பிறகு இரண்டு கைகளாலும் வாசித்து 2004-ல் அவர் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'டூ ஹேண்ட்ஸ்'. இரண்டு கைகள். அந்தப் பெயரை வைக்க அவருக்கு நாற்பது ஆண்டுகள் ஆனது.

வீடியோவில் இல்லாத மனிதர்கள்

லிடியன் ஆரம்பத்தில் பியானோவைத் தானாகத்தான் வாசிக்கப் பழகினார். 'பார்த்தீங்களா, குருவே தேவையில்லை' என்று இங்கேயே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி. அங்கே ரஷ்ய பியானோ ஸ்டூடியோவை நடத்துகிற சுரோஜீத் சாட்டர்ஜியிடம் சில ஆண்டுகள் முறையாகப் படித்தார். விரல் வேகம் வீட்டில் வந்திருக்கலாம். உட்காரும் முறை, தோளிலிருந்து எடையை விரலுக்கு இறக்குவது, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் மூச்சு விடுவது போன்றவை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினால்தான் வரும்.

தமிழ்நாட்டில் இந்த வழிக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். சிறுவனாக இருந்த ரஹ்மானும் அதே தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டார். நாம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிற இரண்டு பேருக்கும் பின்னால் ஒரே ஆசிரியர் நிற்கிறார். அவர் முகம் எந்த வைரல் வீடியோவிலும் வராது.

பட்டம் வென்ற பிறகு லிடியன் முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று சுலபமானது. அதே வண்டை இன்னும் வேகமாகப் பறக்கவிட்டு ஊர் ஊராகச் சாகசம் காட்டுவது. கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிப்பது, இரண்டு பியானோ, மூன்று பியானோ என்று எண்ணிக்கையைக் கூட்டுவது. வியூஸ் நிச்சயம். இன்னொன்று, மறுபடியும் மாணவனாக உட்காருவது.

அவர் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். 2020-ல் 'அட்கன் சட்கன்' இந்திப் படத்தில் நடித்தார். அதன் பிறகு இளையராஜாவிடம் மாணவனாகச் சேர்ந்தார். மோகன்லால் இயக்கி 2024 டிசம்பர் 25-ல் வெளியான 'பரோஸ்' படத்துக்கு இசையமைத்தார். அப்போது அவருக்கு வயது 19.

2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அந்தச் சமயத்தில் கொடுத்த பேட்டியில் லிடியன் பற்றி அவர் சொன்ன விஷயம் பரபரப்பாகப் பேசப்பட்டது. லிடியன் ஒரு சிம்பொனி எழுதிக்கொண்டு வந்து போட்டுக் காட்டினாராம். கொஞ்சம் கேட்டதுமே, இது சினிமா பின்னணி இசை மாதிரி இருக்கிறது, சிம்பொனி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு எழுது என்று இளையராஜா சொல்லிவிட்டாராம்.

பலர் இதை 'அவமானம்' என்று தலைப்புப் போட்டுப் பரப்பினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 13 வயதிலேயே உலகம் எழுந்து நின்று கைதட்டிய ஒருவரிடம், 'இது சரியில்லை, மறுபடி எழுது' என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? அப்படிச் சொல்கிற ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய பாக்கியம். அந்த 325 வேகத்துக்குக் கிடைத்த கோடி லைக்குகளைவிட ஓர் இளம் கலைஞரை வளர்க்கக்கூடியது இந்தத் திருத்தம்தான்.

உப்புக்காத்துல பியானோ நிக்குமா?

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கேட்டார். "தம்பி, எங்க சின்னவனும் அந்த வண்டு பாட்டைத்தான் போன்ல பார்த்துப் பார்த்து கீபோர்டுல தட்டிக்கிட்டு இருக்கான். பியானோ வாங்கணும்னா எவ்வளவு ஆகும்? இந்த உப்புக்காத்துல அது நிக்குமா?"

நல்ல கேள்வி. கீபோர்டும் பியானோவும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேறு வேறு ஜாதி. 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் உருவாக்கியது பியானோ. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கும். மெதுவாக அழுத்தினால் மெல்லிய சத்தம். ஓங்கி அழுத்தினால் பெரிய சத்தம். இன்றைய முழுப் பியானோவில் 88 கட்டைகள். அவற்றில் 52 வெள்ளை, 36 கறுப்பு. உள்ளே 200-க்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள். அவை எல்லாம் சேர்ந்து இழுக்கிற விசை பல டன் இருக்கும். அதைத் தாங்க உள்ளே வார்ப்பு இரும்புச் சட்டம் வைத்திருப்பார்கள். ஒலியைப் பெருக்குவது மெல்லிய மரப்பலகை.

எஃகுக் கம்பி, மரம், கம்பளித் துணி. இந்த மூன்றுக்கும் கடற்கரை ஆகாது. படகு இன்ஜினையே விட்டுவைக்காத உப்பு, கம்பியை மட்டும் சும்மா விடுமா? மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும், சுருதி இறங்கும். சுருதி சேர்க்கத் தெரிந்த ஆளைத் தேடிப் பெரிய நகரத்துக்குத்தான் போன் போட வேண்டும். விலையும் லட்சக்கணக்கில். அதனால் அக்காவுக்கு நான் சொன்ன பதில், 'இப்போதைக்குப் பியானோ வேண்டாம்'.

கையில் இருக்கிற கீபோர்டே ஆரம்பத்துக்குப் போதும். ஆனால், ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் 61 கட்டைகள்தான். அவை பஞ்சு மாதிரி லேசாக இறங்கும். அதில் வேகமாக வாசிப்பது சுலபம். உண்மையான பியானோவின் கட்டைக்கு எடை உண்டு. கீபோர்டில் பறந்த விரல் பியானோவில் திணறும். பையன் தொடர்ந்து கற்றுக்கொண்டால், இரண்டு மூன்று வருடம் கழித்து 88 கட்டை கொண்ட, கட்டைக்கு எடை கொடுத்துச் செய்த டிஜிட்டல் பியானோவைப் பற்றி யோசிக்கலாம். அதில் கம்பி கிடையாது. சுருதி இறங்காது.

எருமை இழுத்த பியானோ

'நல்ல பியானோகூட இல்லாத ஊரில் இருந்து யாராவது பெரிய ஆளாக வந்திருக்கிறார்களா' என்று கேட்கலாம். வந்திருக்கிறார்கள். அதுவும் காரைக்கால்காரர்களுக்குப் பழக்கமான ஒரு நாட்டிலிருந்து.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் வியட்நாமுக்கு வேலைக்குப் போனார்கள். இன்றைக்கும் 'எங்க தாத்தா சைகோன்ல இருந்தவர்' என்று பேச்சை ஆரம்பிக்கிற வீடுகள் இங்கே உண்டு. அந்த வியட்நாமின் ஹனோய் நகரில் 1958-ல் பிறந்தவர் டாங் தாய் சன். அம்மா தாய் தி லியென் அந்நாட்டின் முதல் தலைமுறைப் பியானோ ஆசிரியர்களில் ஒருவர்.

டாங் சிறுவனாக இருந்தபோது அமெரிக்க விமானங்கள் வடக்கு வியட்நாம் மீது குண்டு வீசத் தொடங்கின. ஹனோய் இசைக் கல்லூரியையே ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். பியானோக்களை எருமை பூட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மாணவர்கள் பலர், பியானோ கொஞ்சம். அதனால் முறை வைத்து ஆளுக்குச் சிறிது நேரம்தான். கிடைத்த நேரத்தில் வேகம் காட்டி விளையாட முடியாது. எதைச் சரிசெய்ய வேண்டுமோ அதை மட்டும் வாசிக்க வேண்டும்.

1974-ல் ஹனோய் வந்த ரஷ்ய பியானோ கலைஞர் ஒருவர் டாங்கின் வாசிப்பைக் கேட்டார். அதன் பலனாக மாஸ்கோவில் படிக்க வாய்ப்பு வந்தது. 1980-ல் போலந்தின் வார்சாவில் நடந்த சோபின் போட்டியில் கலந்துகொண்டார். 1927-ல் தொடங்கிய அந்தப் போட்டி பியானோ உலகத்தின் ஒலிம்பிக்ஸ் மாதிரி, பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அங்கே வேகம் மட்டும் காட்டி யாரும் ஜெயித்துவிட முடியாது. மெதுவான, அமைதியான துண்டுகளையும் அழ வைக்கிற மாதிரி வாசிக்க வேண்டும். அந்தப் போட்டியில் முதல் பரிசு வென்ற முதல் ஆசியர் டாங் தாய் சன். இறுதிச் சுற்றில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்ததுதான் வாழ்க்கையில் அவருக்கு முதல் தடவை.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆசிரியரானார். 2021-ல் அதே சோபின் போட்டியில் முதல் பரிசு வென்ற கனடாவின் புரூஸ் லியூ அவருடைய மாணவர். எருமை வண்டிப் பாதையில் கற்றுக்கொண்ட பாடம், நாற்பது வருடம் கழித்து இன்னொருவர் விரலில் அதே மேடைக்குத் திரும்பி வந்தது.

அக்காவுக்கும் உங்களுக்கும்

வீட்டில் கீபோர்டு தட்டுகிற பிள்ளை இருந்தால் இந்த ஐந்து விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: மாதம் இரண்டு தடவையாவது நேரில் உட்கார்ந்து கை பார்க்கிற ஓர் ஆசிரியரைத் தேடுங்கள். தேவாலயப் பாடற்குழுவுக்கு கீபோர்டு வாசிப்பவர், மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர் என உங்கள் ஊரிலேயே யாராவது இருப்பார்கள். யூடியூப் பாடம் சொல்லும். ஆனால், உங்கள் பிள்ளையின் மணிக்கட்டு வளைந்திருப்பதை யூடியூப் பார்க்காது.

இரண்டு: மெட்ரோனோம் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் நாள் 60-ல் வையுங்கள். பிழையில்லாமல் மூன்று தடவை வாசித்தால் மட்டும் ஏற்றுங்கள்.

மூன்று: கை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். 'வலிச்சாதான் பழகும்' என்பது பியானோவுக்குப் பொருந்தாது. ஃபிளைஷர் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொடுங்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகள் சென்னை போன்ற நகரங்களில் நடக்கின்றன. ஆரம்பநிலை, அப்புறம் ஒன்றிலிருந்து எட்டு வரை கிரேடுகள். சான்றிதழைவிட முக்கியம், அடுத்த படி எது என்று பிள்ளைக்குத் தெரிவது.

ஐந்து: நம்ம இசையை விட்டுவிட வேண்டாம். பியானோவில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு இழைய முடியாது. அதனால் கமகம் வராது. 'அப்புறம் எப்படி நம்ம ராகத்தை வாசிப்பது' என்ற கேள்விக்குச் சென்னையின் அனில் ஸ்ரீனிவாசன் மேடையிலேயே பதில் தேடினார். சிக்கில் குருசரணின் கர்நாடகப் பாட்டுக்கு அவர் பியானோ வாசிப்பதைக் கேளுங்கள். பாட்டை நகல் எடுக்க மாட்டார். பாட்டு மூச்சு வாங்குகிற இடங்களில் மட்டும் பியானோ பேசும். எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிவதும் ஒரு திறமை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கற்றுக்கொள்கிற எல்லாப் பிள்ளைகளும் மேடைக் கலைஞர் ஆகப் போவதில்லை. ஆகவும் வேண்டாம். தினமும் அரை மணி நேரம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பொறுமையாகச் சரிசெய்யப் பழகிய பிள்ளை, பிற்பாடு எந்த வேலைக்குப் போனாலும் அந்தப் பொறுமை கூடவே வரும்.

அந்த வண்டு வீடியோ இன்னும் சில மாதத்தில் மறுபடியும் உங்கள் குரூப்புக்கு வரும். கட்டாயம் பாருங்கள், ரசியுங்கள், ஃபார்வர்டும் பண்ணுங்கள். கூடவே பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம், "இதை முதல் நாள் எவ்வளவு மெதுவா வாசிச்சிருப்பாங்கன்னு நினைக்கிற?" என்று ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்.

உங்கள் ஊரில் சத்தமில்லாமல் பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தருகிற ஆசிரியர் யாராவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அவர்களுக்கு வியூஸ் இல்லாமல் இருக்கலாம். கதை நிச்சயம் இருக்கும்.

அடுத்த வாரம் இன்னொரு வைரலோடு சந்திக்கலாம்!